பழகிப்போன குறை

(உரைநடைப் பகுதி – கடிதம்)

நுழையும்முன்

நாள்தோறும் நாம் பயன்படுத்தும் பொருள்களை யாரோ ஒருவர் எண்ணிப் பார்த்து உருவாக்கியிருக்கிறார். குடையின் வளைந்த பிடியும், தண்ணீர்க் குடத்தின் குறுகிய கழுத்தும் காரணமின்றி அமையவில்லை. பொருளின் உறுதியையும் அதைக் கையாளும் மனிதரின் வசதியையும் ஒருசேரக் கருதும் படிப்பு வடிவமைப்புப் பொறியியல் ஆகும். அதனை மும்பையில் பயிலும் மாணவி ஒருத்தி, தில்லியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் தன் தம்பிக்கு எழுதிய கடிதமாக இப்பாடம் அமைந்துள்ளது.

மும்பை,
பிப்ரவரி 2.

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் அம்மாவும் நலந்தானே? தில்லியில் குளிர் குறைந்துவிட்டதா? இங்கே குளிர் என்று சொல்லத்தக்க ஒன்று இவ்வாண்டு வரவே இல்லை.

உன் கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தாய். வடிவமைப்புப் பொறியியல் படிப்பதற்கு நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டுமா என்பது ஒன்று. விருப்பப் பாடமாக எடுத்த தமிழை அடுத்த ஆண்டும் தொடர்வதா, விட்டுவிடுவதா என்பது மற்றொன்று. இரண்டிற்கும் சேர்த்து என்னிடம் ஒரு கதைதான் இருக்கிறது. சற்று நீளமானது, பொறுமையாகப் படி.

நான் இங்கு வந்தபோது எனக்கும் வரையத் தெரியாது. முதல் பருவத்தில் நாள்தோறும் நூறு நேர்கோடுகளும் நூறு வட்டங்களும் அளவுகோல் இல்லாமல் வரைய வேண்டும். என் வட்டங்கள் முட்டையைப் போல இருந்தன. முதல் தேர்வில் ஐம்பதுக்குப் பதினெட்டு மதிப்பெண்களே கிடைத்தன. அன்று இரவு விடுதி மாடியில் தனியே அமர்ந்து, ஊருக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினேன். மறுநாள் என் தாளைப் பார்த்த பேராசிரியர், “கை பழகிவிடும், கண்தான் எளிதில் பழகாது” என்று மட்டும் கூறினார். அதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை.

பட்டறையில் கடைசல் எந்திரத்தைத் தொடுவதற்கு முன்பு எங்கள் கைகளில் துடைப்பம் தரப்பட்டது. இரும்புச் சீவல்களைக் கூட்டி அள்ளும்போதுதான் ஒரு சிறு உறுப்பைச் செய்வதற்கு எவ்வளவு உலோகம் வீணாகிறது என்பது தெரியும் என்றார் பட்டறைப் பொறுப்பாளர். இரவுகளில் எங்கள் வகுப்புக் கூடத்தில் விளக்கு அணைவதே இல்லை. அட்டை, பசை, தெர்மாகோல் துண்டுகள் ஆகியவற்றுக்கு நடுவே அமர்ந்து மாதிரிகள் செய்வோம். என் அறைத்தோழி அசாம் மாநிலத்தவள். பசிக்கும்போது அவள் அவலைப் பிசைந்து தருவாள். நான் அம்மா அனுப்பிய முறுக்கைப் பகிர்வேன்.

வகுப்பில் கேட்ட இரண்டு செய்திகள் என் மனத்தில் தங்கின. நம் நாட்டுச் சிற்றூர்களில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்ட காலத்தில், அவற்றின்மேல் வார்ப்பிரும்புக் கைப்பம்புகளைப் பொருத்தினர். அவை மேலைநாட்டில் ஒரு குடும்பத்தின் தேவைக்காக உருவான பம்புகளை ஒத்தவை. இங்கோ, ஓர் ஊரே விடியல் முதல் இரவு வரை வரிசையில் நின்று இறைத்தது. பம்புகள் விரைவில் பழுதாயின. பின்னர் 1970-களில், மகாராட்டிரத்தின் சோலாப்பூரில் உருவான உறுதியான எஃகுப் பம்பை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெப் நிறுவனத்தின் துணையுடன் ‘இந்தியா மார்க் 2’ என்னும் கைப்பம்பு உருவாக்கப்பட்டது. அதன் முன்மாதிரிகளை நம் கோயம்புத்தூர்ப் பகுதியில் நிறுவி, மக்களைப் பயன்படுத்தச் செய்து சோதித்தனர். பழைய பம்பு கெட்ட பம்பு அன்று. அதைச் செய்தவர், யார் எவ்வளவு நேரம் இறைப்பார் என்பதை அறியாதவர்.

மற்றொன்று ‘செய்ப்பூர்க் கால்’. 1968-ஆம் ஆண்டில் செய்ப்பூரில் மருத்துவர் பி. கே. சேத்தியும் கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் இணைந்து இச்செயற்கைப் பாதத்தை உருவாக்கினர். அதற்கு முன்பிருந்த செயற்கைக் கால்களோடு காலணியும் அணிய வேண்டும். குந்தி அமர இயலாது. வயற்சேற்றில் இறங்க இயலாது. நம் மக்கள் தரையில் அமர்ந்து உண்பவர்கள், வெறுங்காலுடன் நடப்பவர்கள். ஆகவே, வளைந்து கொடுக்கும் ரப்பரால் பாதத்தைச் செய்தனர். மருத்துவரின் அறிவும் கைவினைஞரின் கையும் சேர்ந்ததால் அது நிகழ்ந்தது.

இவற்றையெல்லாம் குறிப்பேட்டில் அழகாக எழுதிக்கொண்டேன். ஆனால் எழுதிக்கொள்வது வேறு, கற்றுக்கொள்வது வேறு என்பது மூன்றாம் பருவத்தில்தான் புரிந்தது.

அப்பருவத்தில், “நகரத்தில் உழைத்து வாழும் ஒருவருடைய தொழிற்கருவியை மேம்படுத்துக” என்று எங்களுக்குச் செயல்திட்டம் தரப்பட்டது. நானும் தோழியும் மிதிவண்டியில் இட்லி விற்பவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தோம். தாராவியில் வாழும் தமிழர்கள் பலர் விடியற்காலையில் இட்லிப் பாத்திரத்தை மிதிவண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு, ஒலிப்பானை அழுத்தியபடி தெருத்தெருவாகச் செல்வதை இங்கு யாரும் காணலாம். நாங்கள் கண்டவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். அவரை அப்பகுதியினர் ‘அண்ணாச்சி’ என்றே அழைத்தனர்.

“உங்கள் தொழிலில் என்ன சிரமம்?” என்று தோழி இந்தியில் கேட்டாள். “ஒன்றும் இல்லை” என்று அவரும் இந்தியில் விடையளித்தார். மூன்று முறை சென்றும் அதே விடைதான் கிடைத்தது. நான் தமிழ் தெரிந்தவள் என்பதை அவரிடம் சொல்லவில்லை. வீட்டில் அம்மா தமிழில் பேசினால் நாம் இந்தியில் பதில் சொல்லி வளர்ந்தவர்கள் அல்லவா? பேசினால் சொல் தடுமாறும், அவர் சிரிப்பார் என்று கூச்சம்.

அவர் குறை கூறாததால், குறை எது என்பதை நாங்களே முடிவு செய்துகொண்டோம். நசுங்கிய அலுமினியப் பாத்திரம், அதற்குள் விரித்த பழைய துணி, ஆறிப்போகும் இட்லி ஆகிய மூன்றையும் மாற்றத் துணிந்தோம். இரண்டு எஃகுத் தகடுகளுக்கு இடையே வெப்பத்தைக் கடத்தாத பொருளை அடைத்து, ரப்பர் விளிம்புடன் இறுக மூடும் பெட்டி ஒன்றைச் செய்தோம். ஐந்து வாரங்கள் ஆயின. உள்ளே வெந்நீர்ப் புட்டிகளை வைத்துச் சோதித்தோம். மூன்று மணி நேரம் கழித்தும் சூடு குறையவில்லை. மதிப்பீட்டுக் குழுவின் முன் நிற்பதற்கு ஒரு நாள் முன்னதாக, பெட்டியை அண்ணாச்சியிடம் கொடுத்தோம். “துணி தேவையில்லை” என்று நான்தான் அதை எடுத்து மடித்து அவர் கையில் தந்தேன்.

காலை ஒன்பது மணிக்கு அவர் திரும்பி வந்தார். பெட்டியைத் திறந்தார். சூடு அப்படியே இருந்தது. ஆனால், இட்லிகள் நீரில் ஊறிக் குழைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. தமக்குள் தமிழில், “ஓர் ஈடுகூடத் தேறவில்லையே” என்றார்.

என்னையறியாமல் என் வாய் தமிழில் கேட்டுவிட்டது: “ஈடு என்றால் என்ன, அண்ணாச்சி?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “நீ தமிழ்ப் பிள்ளையா? இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை, தாயி?”

என்னிடம் விடை இல்லை. அவர் அதற்குமேல் வற்புறுத்தவும் இல்லை. ஒரு முறை அடுப்பில் ஏற்றி அவித்து இறக்கும் இட்லிகள் ஓர் ஈடு என்று விளக்கினார். பிறகு துணியைப் பற்றிச் சொன்னார். சூடான இட்லியிலிருந்து ஆவி எழுகிறது. அது குளிர்ந்த மூடியில் பட்டு நீராகிச் சொட்டுகிறது. இட்லியின்மேல் போர்த்திய துணி அந்நீரை உறிஞ்சிக்கொள்ளும். சிறிது ஆவியை வெளியேயும் விடும். “இது என் தாயார் கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு நாளும் கொதிநீரில் அலசி வெயிலில் காயப் போடுகிறோம்” என்றார். நாங்கள் வெந்நீர்ப் புட்டிகளை வைத்துச் சோதித்தோமே தவிர, ஒருநாளாவது இட்லியை வைத்துச் சோதிக்கவில்லை.

குறை என்று நான் எடுத்து எறிந்தது, ஒரு சிக்கலுக்குத் தலைமுறைகள் கண்ட தீர்வு.

மறுநாள் மதிப்பீட்டுக் குழுவின் முன் எங்கள் பெட்டி பளபளத்தது. குழுவினர் அதைத் திறந்து மூடிப் பாராட்டினர். பிறகு ஒருவர், “விற்பவர் இதைப் பயன்படுத்திப் பார்த்தாரா?” என்று கேட்டார். ‘ஆம்’ என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம்; அது பொய்யும் ஆகாது. தோழி என்னைப் பார்த்தாள். நான், “பயன்படுத்தினார். அன்று அவருடைய 180 இட்லிகள் வீணாயின” என்றேன்.

அறை அமைதியாயிற்று. எங்கள் பேராசிரியர், “அவற்றின் விலை என்ன?” என்று வினவினார். எங்களுக்குத் தெரியவில்லை. “அதை முதலில் தெரிந்துகொண்டு வாருங்கள்” என்றார். வகுப்பிலேயே மிகக் குறைந்த மதிப்பெண் எங்களுக்குத்தான் கிடைத்தது.

அன்று மாலையே அண்ணாச்சியின் வீட்டிற்குச் சென்றோம். விலையைக் கேட்டு, எங்கள் கைச்செலவுப் பணத்தைச் சேர்த்துக் கொடுத்தோம். அவர் மறுப்பார் என்று எண்ணினேன், மறுக்கவில்லை. எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். “கணக்குத் தீர்ந்தது. இனி நீங்கள் தயங்காமல் வரலாம்” என்றார். அவருடைய மனைவியை ‘மதினி’ என்று அழைக்க வேண்டும் என்பதையும் அன்றுதான் கற்றேன்.

அதன்பின் நாங்கள் எதையும் கேட்கவில்லை, பார்த்தோம். மதினி மூன்று மணிக்கு அடுப்பு மூட்டுவதைப் பார்த்தோம். முதல் ஈடு பாத்திரத்தின் அடியிலும் கடைசி ஈடு மேலேயும் அடுக்கப்படுவதைப் பார்த்தோம். பிறகு எங்கள் மிதிவண்டிகளில் அண்ணாச்சியைப் பின்தொடர்ந்தோம். அன்று அவர் 43 இடங்களில் நின்றார். ஒவ்வோர் இடத்திலும் இறங்கி, வண்டியை நிறுத்துதாங்கியில் ஏற்றினார். உடனே கைப்பிடியில் தொங்கிய சாம்பார்த் தூக்கின் எடையால் முன்சக்கரம் ஒரு பக்கமாகத் திரும்பியது. இரு கைகளும் இட்லியைப் பொட்டலம் கட்டுவதில் இருந்தமையால், அவர் தம் முழங்காலை முன்னே நீட்டிச் சக்கரத்தை அணைத்துப் பிடித்தார். ஒற்றைக் காலில் நின்று, உடலைப் பின்னால் திருப்பிப் பரிமாறினார். 43 இடங்களிலும் அவ்வாறே செய்தார்.

“முழங்கால் வலிக்காதா, அண்ணாச்சி?” என்றேன்.

“வலிக்கும். அது பழகிப்போயிற்று” என்றார்.

தம்பி, அவர் முன்பு “சிரமம் ஒன்றும் இல்லை” என்று சொன்னது பொய்யன்று. இருபது ஆண்டுகள் சுமந்த சிரமம் அவருக்குச் சிரமமாகத் தெரியவில்லை. பழகிப்போன குறையை உடையவர் சொல்ல மாட்டார். பார்ப்பவர்தான் காண வேண்டும். கண் எளிதில் பழகாது என்று பேராசிரியர் கூறியதன் பொருள் அப்போது விளங்கிற்று.

முன்சக்கரம் திரும்பாமல் நிற்க ஒரு கொக்கி செய்தோம். கல்லூரி முற்றத்தில் அதைக் கழற்ற மறந்து வண்டியை ஓட்டிய தோழி, வளைவில் திரும்ப முடியாமல் விழுந்தாள். மறந்தால் ஆபத்து விளைவிக்கும் கருவி நல்ல கருவியன்று. எனவே கொக்கியை விட்டுவிட்டு, வண்டிச் சட்டத்திற்கும் முன்கவைக்கும் இடையே ஒரு சுருள்வில்லைப் பொருத்தினோம். அது சக்கரத்தை நேராக இழுத்துப் பிடிக்கும். கையால் திருப்பினால் இணங்கும்.

முதல் வில் மிக விறைப்பாக இருந்தது. திருப்புவதற்குக் கை வலித்தது. அடுத்தது மிகத் தளர்வாக இருந்தது. தூக்கு நிறைந்திருக்கும்போது சக்கரம் சாய்ந்தது. ஒரு வில்லை எவ்வளவு இழுக்கிறோமோ, அதற்கேற்ப அது திருப்பி இழுக்கும் என்னும் ஹூக்கின் விதியை நான் பதினொன்றாம் வகுப்பில் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். இப்போது வில்தராசை எடுத்துக்கொண்டு, தூக்கு நிறைந்த நிலையில் சக்கரத்தைத் தடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதை அளந்தோம். அந்த அளவுக்கேற்ற வில்லைத் தேடி வாங்கிப் பொருத்தினோம். அதுவே நான்காவது முயற்சி.

அந்த வில் இன்றும் அண்ணாச்சியின் வண்டியில் இருக்கிறது. எங்கள் எஃகுப் பெட்டியில் மதினி அரிசி கொட்டி வைத்திருக்கிறார். சென்ற வாரம் அவரோடு மீண்டும் சென்றேன். வண்டியை நிறுத்தினார், இரு கால்களையும் ஊன்றி நின்று பரிமாறினார். வில்லைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அது இருப்பதையே மறந்துவிட்டார் போலும். எனக்கு அதில் மகிழ்ச்சிதான்.

இனி உன் கேள்விகளுக்கு வருகிறேன். வரைதல் பழக்கத்தால் வரும். என் வட்டங்கள்கூட இப்போது வட்டமாகவே இருக்கின்றன. ஆகவே அதைக் குறித்து அஞ்சாதே. இரண்டாவது கேள்விக்கு விடையை நீயே முடிவு செய்துகொள். நான் வற்புறுத்த மாட்டேன். அதற்கு முன் ஒன்று மட்டும் செய். இன்று இரவு அம்மா இட்லி அவிக்கும்போது சமையலறைக்குச் சென்று, “ஈடு என்றால் என்ன, அம்மா?” என்று கேட்டுப் பார். அம்மாவின் முகத்தையும் பார்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அக்கா.

சொற்பொருள்

கடைசல் எந்திரம் – பொருளைச் சுழலவிட்டுச் செதுக்கி உருவாக்கும் எந்திரம்
பட்டறை – கருவிகளைக் கொண்டு பொருள்கள் செய்யும் இடம்
முன்மாதிரி – சோதித்துப் பார்ப்பதற்காக முதலில் செய்யப்படுவது
ஈடு – ஒரு முறை அவித்து இறக்கும் இட்லிகளின் தொகுதி
அண்ணாச்சி – தென்மாவட்டங்களில் அண்ணனையும் மதிப்பிற்குரிய ஆடவரையும் அழைக்கும் சொல்
மதினி – அண்ணனின் மனைவி, அண்ணி
தூக்கு – கைப்பிடியும் மூடியும் உடைய பாத்திரம்
முன்கவை – மிதிவண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் இருபிரிவுக் கம்பி
விறைப்பு – வளையாத தன்மை

தெரிந்து கொள்வோம்

அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லசு ஈம்சும் ரே ஈம்சும் 1958-ஆம் ஆண்டில் இந்திய அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தனர். நம் வீடுகளில் உள்ள செம்பைத் தாம் கண்ட மிகச் சிறந்த வடிவமைப்புகளுள் ஒன்றாக அதில் போற்றினர். அது தனி ஒருவர் படைப்பன்று. பல தலைமுறைகளின் பயன்பாட்டால் உருவானது என்பது அவர்கள் கருத்து. இதன் தொடர்ச்சியாக 1961-ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் ஏற்கப்பட்ட இந்திய ரூபாய்க் குறியீட்டை வடிவமைத்தவர், தமிழ்நாட்டைச் சேர்ந்த த. உதயகுமார். அவர் மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் எழுத்துருக்கள் குறித்து ஆய்வு செய்தவர்.

மொழியை அறிவோம்

‘அந்த, இந்த, எந்த’ ஆகிய சொற்களுக்குப் பின்னும், ‘ஐ’ என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வரும் இடத்திலும் க், ச், த், ப் என்னும் வல்லின மெய்கள் மிகும்.

அந்த + துணி = அந்தத் துணி
எந்த + பொருள் = எந்தப் பொருள்
முறுக்கை + பகிர்வேன் = முறுக்கைப் பகிர்வேன்
சக்கரத்தை + தடுக்க = சக்கரத்தைத் தடுக்க

பயிற்சி

அ. சேர்த்து எழுதுக.
1. இந்த + கடிதம்
2. விலையை + கேட்டு
3. அந்த + பெட்டி
4. இட்லியை + பொட்டலம் கட்டினார்

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தம்பி கேட்ட இரண்டு கேள்விகள் யாவை?
2. பழைய கைப்பம்புகள் விரைவில் பழுதானதற்குக் காரணம் என்ன?
3. இட்லியின்மேல் துணி போர்த்துவது ஏன்?
4. கொக்கியை விட்டுச் சுருள்வில்லைத் தேர்ந்தெடுத்தது ஏன்?

இ. ஒரு பத்தியில் விடை எழுதுக.
1. மதிப்பீட்டுக் குழுவின் முன் ‘ஆம்’ என்று மட்டும் கூறியிருந்தால் அது பொய்யாகாது என்கிறாள் அக்கா. இருப்பினும் அவள் முழுமையாகக் கூறியது ஏன்? நீங்கள் அவளிடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?
2. அண்ணாச்சி பணத்தை மறுக்காமல் எண்ணி வாங்கிக்கொண்டதிலிருந்து அவருடைய பண்பைப் பற்றி என்ன அறிகிறீர்கள்?

ஈ. செயல்பாடு
உங்கள் வீட்டிலோ தெருவிலோ வேலை செய்யும் ஒருவரை அவரது இசைவுடன் அரை மணி நேரம் உற்றுநோக்குங்கள். அவருக்குப் பழகிப்போன குறை ஒன்றைக் கண்டறிந்து, பத்து வரிகளில் எழுதுங்கள். அவர் பயன்படுத்திய தமிழ்ச்சொற்களுள் உங்களுக்குப் புதியவற்றைத் தனியே குறித்து வைத்து வகுப்பில் பகிருங்கள்.